இதயத்தின் மின்பாதை: வேகமும் தாமதமும்

உடலிலிருந்து பிரித்தெடுத்த தவளையின் இதயத்தைத் தகுந்த உப்புக் கரைசலில் வைத்தால் நெடுநேரம் துடித்துக்கொண்டிருக்கும். மூளையோடும் தண்டுவடத்தோடும் இருந்த தொடர்பு அறுந்த பின்னும் துடிப்பு நிற்பதில்லை. மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களிடமும் இதைக் காணலாம். கொடையாளியின் இதயத்துக்குச் சென்ற நரம்புகள் வெட்டப்பட்டுவிடுகின்றன. ஆனாலும் புதிய உடலில் அது நிமிடத்துக்கு 90, 100 முறை துடிக்கிறது. துடிப்புக்கான மின்தூண்டல் இதயத்துக்குள்ளேயே பிறக்கிறது. அது பிறக்கும் இடம், பரவும் வழி, வழியில் தயங்கி நிற்கும் நேரம் ஆகிய மூன்றையும் தீர்மானிப்பதுதான் இதய மின்கடத்தல் மண்டலம்.

மின்சாரம், கடத்தல் என்றதும் நரம்பு என்றே எண்ணத் தோன்றும். 19ஆம் நூற்றாண்டின் உடலியலாளர்களில் பலரும் அப்படித்தான் எண்ணினார்கள். இதயச் சுவரில் நரம்புச் செல் திரள்கள் இருப்பது அப்போதே தெரிந்திருந்ததால், துடிப்பைத் தொடங்குபவை அவைதான் என்பது இயல்பான ஊகமாக இருந்தது. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய வால்டர் காஸ்கெல் 1880களில் ஆமை இதயத்தில் செய்த சோதனைகள் அந்த ஊகத்தை அசைத்தன. தூண்டல் தசையிலிருந்து தசைக்கே தாவுகிறது என்றும், மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள தசைத் தொடர்பைக் குறுக்கக் குறுக்க, முதலில் சில துடிப்புகளும் பிறகு எல்லாத் துடிப்புகளும் கீழறையை எட்டாமல் போகின்றன என்றும் அவர் காட்டினார். மின்கடத்தல் மண்டலம் முழுவதும் உருமாறிய தசைச் செல்களால் ஆனது. சுருங்கும் வேலையைப் பெருமளவு கைவிட்டு, மின்தூண்டலைப் பிறப்பிப்பதிலும் கடத்துவதிலும் தேர்ந்துவிட்ட செல்கள் அவை.

மேற்பெருஞ்சிரை வலது மேலறைக்குள் திறக்கும் இடத்தில், வெளிப்பரப்பை ஒட்டி, சைனஸ் கணு இருக்கிறது. வளர்ந்த மனிதரில் அதன் நீளம் ஏறத்தாழ 10 முதல் 20 மில்லிமீட்டர். அகலம் இரண்டு மூன்று மில்லிமீட்டர். வெறுங்கண்ணுக்குச் சுற்றியுள்ள தசையிலிருந்து அதைப் பிரித்தறிவது கடினம். மண்டலத்தின் மற்றப் பகுதிகளெல்லாம் அகப்பட்ட பிறகே இது அகப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். 1906ஆம் ஆண்டு கோடையில், இங்கிலாந்தின் கென்ட் பகுதிக் கிராமம் ஒன்றில், உடற்கூறியலாளர் ஆர்தர் கீத்தின் வீட்டில் மார்ட்டின் ஃபிளாக் என்ற மருத்துவ மாணவர் நுண்ணோக்கியில் அகழெலி இதயத்தின் சீவல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமான தசைபோல இல்லாத விசித்திரமான திசு ஒன்று அதில் தென்பட்டது. மற்றப் பாலூட்டிகளின் இதயங்களிலும் அதே இடத்தில் அதே திசு இருந்தது. இருவரும் 1907இல் அதை வெளியிட்டார்கள்.

சாதாரணக் கீழறைத் தசைச் செல், துடிப்புகளுக்கு நடுவே, உள்ளே வெளியைவிட சுமார் 90 மில்லிவோல்ட் குறைவான மின்னழுத்தத்தோடு அசையாமல் நிற்கும். யாராவது தூண்டினால்தான் எழும். சைனஸ் கணுவின் செல்லுக்கு அப்படிப்பட்ட ஓய்வு நிலை கிடையாது. ஒரு துடிப்பு முடிந்து மின்னழுத்தம் -60 மில்லிவோல்ட் அளவுக்கு இறங்கியதுமே மறுபடி மெல்ல ஏறத் தொடங்கிவிடும். -40 மில்லிவோல்ட்டை நெருங்கும்போது கால்சியம் அயனிகளுக்கான வாயில்கள் திறந்து, செல் முழுத் தூண்டல் பெறுகிறது. பிறகு பொட்டாசியம் வெளியேற, மின்னழுத்தம் இறங்க, மீண்டும் ஏற்றம்.

அந்த மெதுவான ஏற்றத்துக்கு என்ன காரணம் என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 1979இல் ஹிலரி பிரவுன், டாரியோ டிஃபிரான்செஸ்கோ, சூசன் நோபிள் ஆகிய மூவரும் செல்லுக்குள் நுழையும் ஒரு மின்னோட்டத்தை விவரித்தார்கள். பெரும்பாலான அயனி வாயில்கள் செல்லின் எதிர்மின்னழுத்தம் குறையும்போது திறப்பவை. இதற்குரிய வாயில்களோ எதிர்மின்னழுத்தம் கூடும்போது திறக்கின்றன. வழக்கத்துக்கு மாறான இந்தப் போக்கினால் ‘விசித்திர மின்னோட்டம்’ என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. துடிப்பு முடிந்து மின்னழுத்தம் கீழே இறங்குவதே அடுத்த துடிப்பின் வாயிலைத் திறக்கிறது. செல்லுக்குள் இருக்கும் கால்சியச் சேமிப்பறைகளிலிருந்து தாளகதியில் கசியும் கால்சியமும் இந்த ஏற்றத்துக்குக் கைகொடுக்கிறது. இரண்டில் எது முதன்மை என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே ஓய்ந்தபாடில்லை. இதயத் துடிப்பைக் குறைக்கத் தரப்படும் ஐவாபிரடின் மாத்திரை அடைப்பது இந்த விசித்திர வாயில்களைத்தான். அதைச் சாப்பிடும் சிலருக்குக் கண்ணில் ஒளிப்பொட்டுகள் மின்னுவதுண்டு. விழித்திரையிலும் அதே குடும்பத்தைச் சேர்ந்த வாயில்கள் இருப்பதுதான் காரணம்.

நரம்புகளுக்கு வேலையே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. துடிப்பைத் தொடங்குவது அவற்றின் வேலையில்லை. வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும்தான். எந்த நரம்பின் பிடியும் இல்லாவிட்டால் இளம் வயதினரின் சைனஸ் கணு நிமிடத்துக்கு 100 முறைக்குக் குறையாமல் துடிக்கும். ஓய்வில் இருக்கும் மனிதருக்கு நாடி 70 அளவில் இருக்கிறது என்றால், வேகஸ் நரம்பு ஓயாமல் கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருக்கிறது என்று பொருள். அந்த நரம்பின் முனையில் சுரக்கும் அசிட்டைல்கோலின் பொட்டாசிய வாயில்களைத் திறந்து, மின்னழுத்தம் ஏறும் வேகத்தைத் தணிக்கிறது. ஒரு நரம்பு வேதிப்பொருளைச் சுரந்து உறுப்பை இயக்குகிறது என்பதே முதன்முதலில் இந்த இடத்தில்தான் நிறுவப்பட்டது. ஆட்டோ லோவி 1921இல் ஒரு தவளையின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அந்த இதயத்தில் ஊறிய கரைசலை இன்னொரு தவளையின் இதயத்துக்குக் கொடுத்தார். இரண்டாவது இதயமும் மெதுவானது. பரிவு நரம்புகள் சுரக்கும் நார்அட்ரினலின் இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது.

சைனஸ் கணுவிலிருந்து கிளம்பும் தூண்டல் மேலறைத் தசையில் செல்லுக்குச் செல் பரவுகிறது. அடுத்தடுத்த செல்களுக்கு இடையே புரதத்தாலான நுண்துளைகள் உண்டு; அவற்றின் வழியே அயனிகள் நேரடியாகக் கடந்து செல்கின்றன. இடது மேலறைக்கு முன்பக்கமாகச் செல்லும் தசைப் பட்டை ஒன்று விரைவு வழியாகப் பயன்படுகிறது. 1916இல் அதை விவரித்த ஜான் பாக்மனின் பெயரால் அது அறியப்படுகிறது. ஏறத்தாழ பத்தில் ஒரு நொடிக்குள் இரு மேலறைகளும் தூண்டல் பெற்றுவிடுகின்றன.

அங்கிருந்து கீழறைகளுக்குள் நேராக இறங்க வழியில்லை. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே, வால்வுகள் பொருந்தியிருக்கும் வளையங்களைச் சுற்றி, மின்சாரத்தைக் கடத்தாத நார்த்திசுத் தடுப்பு இருக்கிறது. இயல்பான இதயத்தில் அதைத் துளைத்துக்கொண்டு செல்லும் வழி ஒன்றே ஒன்று. வில்ஹெல்ம் ஹிஸ் 1893இல் விவரித்த தசைக்கற்றை அது. ஆனால் அந்தக் கற்றை மேலே எங்கிருந்து தொடங்குகிறது, கீழே எங்கே போய் முடிகிறது என்பதைத் தெளிவாக்க இன்னும் 13 ஆண்டுகள் ஆயின.

தெளிவாக்கியவர் சுனாவோ தவாரா. 1903இல் ஜப்பானிலிருந்து ஜெர்மனியின் மார்பர்க் நகருக்கு வந்து, நோய்க்குறியியலாளர் லுட்விக் ஆஷாஃபிடம் சேர்ந்தவர். இதயங்களைத் தொடர்ச்சியாக மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, ஒவ்வொன்றாகப் பார்த்துக் கற்றையின் தடத்தைப் பின்தொடர்ந்தார். பொறுமை ஒன்றே மூலதனமாகக் கொண்ட வேலை. மேல்முனையில் பின்னிப் பிணைந்த செல்களின் முடிச்சு ஒன்று இருந்தது, இன்று ஏ.வி. கணு என்பது அதுவே. கீழ்முனையைத் தொடர்ந்தபோது கற்றை இரண்டாகப் பிரிந்து, இறுதியில் ஒரு நுண்ணிய வலையில் கலந்தது. அந்த வலையை யான் புர்கின்யே 1839ஆம் ஆண்டிலேயே ஆட்டு இதயத்தில் பார்த்து எழுதியிருந்தார். அது எதற்காக இருக்கிறது என்பது மட்டும் அன்று விளங்கவில்லை. தொடர்பில்லாமல் கிடந்த கண்டுபிடிப்புகள் ஒரே மரத்தின் வேரும் தண்டும் கிளையும் என்பதை 1906இல் வெளியான தவாராவின் நூல் நிறுவியது. இந்த வரலாற்றில் ஒரே ஒரு பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்றால் அவருடைய பெயரைச் சொல்வதே நியாயம். பாடநூல்களில் ஹிஸ்ஸுக்கும் புர்கின்யேவுக்கும் கிடைத்த இடம் அவருக்குக் கிடைக்கவில்லை.

ஏ.வி. கணு வலது மேலறையின் அடித்தளத்தில், மூவிதழ் வால்வுக்கும் இதயத்தின் சொந்தச் சிரை வந்து திறக்கும் வாய்க்கும் இடைப்பட்ட சிறு முக்கோணத்தில் இருக்கிறது. சைனஸ் கணுவிலிருந்து சுமார் 0.03 நொடியில் தூண்டல் இங்கே வந்து சேர்ந்துவிடும். பிறகு நடை தளர்ந்துவிடுகிறது. மேலறைத் தசையில் நொடிக்கு அரை மீட்டருக்கும் மேலான வேகத்தில் வந்த தூண்டல், கணுவுக்குள் நொடிக்கு 5 சென்டிமீட்டர் அளவில் ஊர்கிறது. சில மில்லிமீட்டர் தொலைவைக் கடக்கவே பத்தில் ஒரு நொடிக்கு மேல் ஆகிறது. செல்கள் சிறியவை, அவற்றுக்கு இடையிலுள்ள நுண்துளைகளும் குறைவு. போதாததற்கு, விரைவான சோடிய வாயில்களுக்குப் பதிலாக மெதுவான கால்சிய வாயில்களே இங்கே தூண்டலை எழுப்புகின்றன.

கடத்துவதற்கென்றே அமைந்த பாதையின் நடுவில் கடத்துவதை மந்தமாக்கும் திசு இருப்பது முரணாகத் தோன்றலாம். உண்மையில் இதயம் ஒரு பம்பாக வேலை செய்வது இந்தத் தாமதத்தால்தான். மேலறைகளும் கீழறைகளும் ஒரே நேரத்தில் சுருங்கினால், கீழறைகளில் எழும் அழுத்தம் இடைவால்வுகளை மூடிவிடும். மேலறைகள் மூடிய கதவை முட்டிக்கொண்டிருக்கும். தாமதம் இருப்பதால் மேலறைகள் சுருங்கித் தம்மிடம் எஞ்சிய ரத்தத்தைக் கீழே தள்ள அவகாசம் கிடைக்கிறது. ஓய்வு நிலையில் கீழறை நிரம்புவதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தக் கடைசித் தள்ளலால் வருகிறது. தடித்து விறைத்துப்போன கீழறை உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

தாமதத்தால் இன்னொரு பயனும் உண்டு. தூண்டல்கள் எவ்வளவு நெருக்கமாக வருகின்றனவோ அவ்வளவுக்கு ஏ.வி. கணு மந்தமாகிவிடும், ஓர் எல்லைக்கு மேல் சிலவற்றை விட்டுவிடும். மேலறைகள் தாளம் தப்பி நிமிடத்துக்கு 350 முதல் 600 முறை அதிரும் மேலறை நடுக்கத்தில், அத்தனையும் கீழே இறங்கினால் உயிர் தங்காது. கணு வடிகட்டுவதால் கீழறை நிமிடத்துக்கு 100 முதல் 180 முறையோடு, ஒழுங்கில்லாமலாவது, ரத்தத்தை வெளியேற்றிக்கொண்டிருக்கும்.

ஏ.வி. கணுவைக் கடந்ததும் நிலைமை தலைகீழாகிறது. ஹிஸ் கற்றை நார்த்தடுப்பைத் துளைத்துக் கீழறைகளுக்கு இடையிலுள்ள சுவரின் உச்சிக்கு வந்து, வலது இடது கிளைகளாகப் பிரிகிறது. இடது கிளை விசிறிபோல விரிந்து, முன்னும் பின்னுமாகப் பிரியும். வலது கிளை மெல்லிய ஒற்றை இழையாக இறங்கும். செம்மறியாட்டின் இதயத்தை வாங்கி வலது கீழறையைப் பிளந்து பார்த்தால், நடுச்சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குக் குறுக்கே கட்டிய கயிறுபோல ஒரு தசைப்பட்டை வெறுங்கண்ணுக்கே தெரியும். வலது கிளையின் ஒரு பகுதி அதற்குள்தான் ஓடுகிறது. நடுச்சுவரைச் சுற்றிக்கொண்டு போகாமல் குறுக்கே கடந்து எதிர்ச்சுவரை எட்ட அது வழி. கிளைகளின் நுனிகள் கீழறைகளின் உட்பரப்பெங்கும் புர்கின்யே நார்களாகப் படர்கின்றன. இந்த நார்களின் செல்கள் பருத்தவை; இடைத்துளைகள் நிறைந்தவை. தூண்டல் இவற்றில் நொடிக்கு 2 முதல் 4 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. ஏ.வி. கணுவின் வேகத்தைப் போல இது 40 மடங்குக்கும் மேல். அங்கே காத்திருந்த தூண்டல் இங்கே விரைந்தாக வேண்டும். கீழறைகளின் கோடிக்கணக்கான செல்களும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சுருங்கினால்தான் ரத்தம் வலுவாக வெளியேறும். முதலில் நடுச்சுவர் இடமிருந்து வலமாகத் தூண்டப்படும், அடுத்து நுனிப்பகுதி, உள்ளிருந்து வெளியாகவும் கீழிருந்து மேலாகவும் பரவி, இடது கீழறையின் பின்மேல் பகுதியில் முடியும். எல்லாம் பத்தில் ஒரு நொடிக்குள்.

தூண்டப்பட்ட கீழறைச் செல் உடனே பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. கால்சியம் மெல்ல உள்ளே வந்துகொண்டிருப்பதால் அதன் மின்னழுத்தம் கால் நொடி அளவுக்கு உயர்ந்தே நிற்கிறது. அதுவரை இன்னொரு தூண்டலை அது ஏற்காது. கைத்தசையை வேகமாகத் தூண்டிக்கொண்டே போனால் விறைத்துப் பிடித்துக்கொள்ளும். இதயத்தசை அப்படிப் பிடித்துக்கொள்ளாமல் ஒவ்வொரு முறையும் தளர்ந்து நிரம்புவது இதனால்தான்.

இந்த ஓட்டம் முழுவதையும் தோலின் மேலிருந்தே பதிவுசெய்ய முடியும் என்பதை அகஸ்டஸ் வாலர் 1887இல் லண்டனில் காட்டினார். துல்லியமாகப் பதிவுசெய்யும் கருவியை அமைத்தவர் நெதர்லாந்தின் லைடன் நகரில் இருந்த வில்லம் ஐந்தோவன். வெள்ளி பூசிய, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய குவார்ட்ஸ் இழையைக் காந்தத்தின் நடுவே தொங்கவிட்டு, அதன் அசைவின் நிழலைப் படமாக்கினார். கருவி ஆய்வகத்தை விட்டு நகராது. நோயாளிகள் இருந்த மருத்துவமனையோ ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அதனால் அவர்கள் உப்புத் தண்ணீர்த் தொட்டிகளில் கைகளையும் ஒரு காலையும் அமிழ்த்தி உட்கார, மின்குறிகள் தொலைபேசிக் கம்பி வழியே ஆய்வகத்துக்குப் போயின. 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் சூட்டிய பி, கியூ, ஆர், எஸ், டி என்ற எழுத்துகளே இன்றுவரை ஈசிஜியில் வழங்குகின்றன. பி அலை மேலறைகள் தூண்டப்படுவதைக் காட்டும். கியூ-ஆர்-எஸ் கீழறைகள் தூண்டப்படுவதையும், டி அலை அவை மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்புவதையும் காட்டும். சைனஸ் கணு, ஏ.வி. கணு, ஹிஸ் கற்றை மூன்றும் மிகச் சிறியவை என்பதால் அவற்றுக்கென்று தாளில் அலை எதுவும் இல்லை. பி அலையின் தொடக்கத்திலிருந்து கியூ-ஆர்-எஸ் தொடங்கும்வரை உள்ள 120 முதல் 200 மில்லிநொடி இடைவெளியில்தான், பெரும்பாலும் நேர்கோடாகத் தெரியும் பகுதியில், ஏ.வி. கணுவின் காத்திருப்பு அடங்கியிருக்கிறது.

சைனஸ் கணு ஓய்ந்துபோனாலும் இதயம் உடனே நின்றுவிடுவதில்லை. ஏ.வி. கணுவை ஒட்டிய பகுதி நிமிடத்துக்கு 40 முதல் 60 முறையும், அதுவும் கைவிட்டால் புர்கின்யே நார்கள் 20 முதல் 40 முறையும் தாமாகவே துடிக்கக்கூடியவை. வேகமாகத் துடிக்கும் பகுதி மற்றவற்றை முந்திக்கொண்டு தூண்டுவதால் சாதாரண நாட்களில் இவை தலைகாட்டுவதில்லை. ஆனால் கீழே போகப்போகத் துடிப்பு மெதுவாவதோடு நம்பகமற்றதாகவும் ஆகிறது.

பாதை அறுபடும்போது இந்த வேறுபாடு உயிர்ப்பிரச்சினையாகிறது. ஹார்ட் பிளாக் என்று மருத்துவர்கள் சொல்வது ரத்தக்குழாய் அடைப்பை அல்ல, ஏ.வி. கணுவிலோ ஹிஸ் கற்றையிலோ தூண்டல் தடைபடுவதை. முழுத்தடையில் மேலறைகள் ஒரு வேகத்திலும் கீழறைகள் வேறொரு மந்த வேகத்திலும் தனித்தனியே துடிக்கும். நாடி திடீரென்று சில நொடிகள் நின்று, ஆள் மயங்கி விழுந்து, பிறகு முகம் சிவக்க எழுந்துகொள்ளும் நோயை டப்ளின் மருத்துவர்களான ராபர்ட் ஆடம்ஸ் 1827இலும் வில்லியம் ஸ்டோக்ஸ் 1846இலும் விவரித்திருந்தார்கள். வயதானால் திசு நாராகிப் போவது பொதுவான காரணம். மாரடைப்பும் காரணமாகலாம், பெரும்பாலானவர்களுக்கு ஏ.வி. கணுவுக்கு ரத்தம் தருவது வலது இதயத் தமனி என்பதால், அது அடைபடும்போது தடை வருவது அடிக்கடி காணக்கூடியது. தாயின் ரத்தத்திலுள்ள சில எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவின் ஏ.வி. கணுவைச் சிதைத்துவிட, முழுத்தடையோடு பிறக்கும் குழந்தைகளும் உண்டு. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் மருத்துவர்கள் நன்கறிந்த இன்னொரு காரணம் மஞ்சள் அரளியின் நஞ்சு. அதிலுள்ள கிளைகோசைடுகள் டிஜாக்சின் மருந்தைப் போலவே செல்லின் சோடிய-பொட்டாசியப் பம்பை முடக்கி, ஏ.வி. கணுவைத் தடைப்படுத்திவிடும். டிஜாக்சினுக்கு எதிராக ஆட்டில் உருவாக்கிய எதிர்ப்பொருள் அரளி நஞ்சையும் முறிக்கிறது என்பதை நிறுவிய ஆய்வு இலங்கையில் நடந்து, 2000இல் லான்செட் இதழில் வெளியாயிற்று.

பாதை கூடுதலாக இருப்பதும் ஆபத்தே. லூயிஸ் வுல்ஃப், ஜான் பார்க்கின்சன், பால் டட்லி ஒயிட் ஆகியோர் 1930இல் 11 பேரைப் பற்றி எழுதினார்கள். பிற வகையில் நலமாக இருந்தவர்கள். அவ்வப்போது இதயம் படபடவென்று அடித்துக்கொள்ளும். ஈசிஜியில் அந்த நேர்கோட்டுப் பகுதி குறுகியிருந்தது. நார்த்தடுப்பில் பிறவியிலேயே எஞ்சிய தசை இழை ஒன்று ஏ.வி. கணுவைத் தவிர்த்துக் குறுக்குவழியாகக் கீழறைக்குத் தூண்டலை இறக்குவதே காரணம் என்று பின்னர் உறுதியானது. கணு வழியே இறங்கிய தூண்டல் இழை வழியே மேலே ஏறி, வட்டமடிக்கத் தொடங்கினால் படபடப்பு. அந்த இழைக்கு வடிகட்டும் குணம் இல்லாததால், மேலறை நடுக்கமும் சேர்ந்துகொண்டால் உயிரே போகலாம். 1968இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அந்த இழையை அறுவையால் வெட்டினார்கள். இப்போது தொடைச் சிரை வழியே செலுத்திய குழாயின் நுனியால் சுட்டுப் பொசுக்கிவிடுகிறார்கள். வட்டமடிக்கும் படபடப்பை அவசரத்துக்கு நிறுத்த அடினோசின் ஊசி உண்டு. சில நொடிகள் அது ஏ.வி. கணுவை முற்றிலும் அடைத்துவிடும். ஈசிஜி கோடு தட்டையாக ஓடும் அந்த நொடிகளில் நோயாளிக்கு உயிர் போவதுபோல இருக்கும்; மருந்தின் வேகம் தணிந்ததும் சைனஸ் கணு மறுபடி பொறுப்பேற்கும்.

அறுந்த பாதைக்கு மாற்று தேடும் வேலையை முடுக்கிவிட்டது குழந்தைகளின் இதய அறுவைசிகிச்சை. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வால்டன் லில்லெஹையின் குழு 1954 முதல் கீழறைச் சுவரில் இருந்த ஓட்டைகளைத் தைத்து மூடிவந்தது. ஓட்டையின் விளிம்பை ஒட்டியே ஹிஸ் கற்றை போகிறது. தையல் ஒன்று அதில் பட்டுவிட்டால் முழுத்தடை. அப்படிப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் இறந்தார்கள். 1957 ஜனவரியில் இதயத்தசையில் கம்பியைச் செருகி வெளியிலிருந்து மின்தூண்டல் கொடுக்கும் முறையைக் குழு கையாளத் தொடங்கியது. கருவி சுவரிலிருந்த மின்செருகியை நம்பியிருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி நகரில் மின்சாரம் தடைபட்டது. மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்த்துவந்த ஏர்ல் பாக்கனிடம் மின்கலத்தில் இயங்கும் கருவி கேட்டார் லில்லெஹை. இசைத்தாளக் கருவிக்கான டிரான்சிஸ்டர் சுற்று ஒன்று பத்திரிகையில் வந்திருந்ததை நினைவுகூர்ந்த பாக்கன், அதைக் கொண்டே சில வாரங்களில் செய்து கொடுத்தார்.

உடலுக்குள் புதைத்த முதல் பேஸ்மேக்கர் 1958 அக்டோபர் 8ஆம் தேதி ஸ்டாக்ஹோமில் பொருத்தப்பட்டது. பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட் ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்துப் பிசினில் வார்த்த கருவியை அறுவை மருத்துவர் ஓக்கே சென்னிங் பொருத்தினார். சில மணி நேரத்திலேயே அது நின்றுவிட்டது. பெற்றுக்கொண்ட ஆர்னே லார்சன் பிறகு 20க்கும் மேற்பட்ட பேஸ்மேக்கர்களை மாற்றி, 86 வயதுவரை வாழ்ந்து 2001இல் இறந்தார்.

அன்று முதல் பல பத்தாண்டுகள் பேஸ்மேக்கரின் கம்பி பெரும்பாலும் வலது கீழறையின் நுனியில் போய் நின்றது. பொருத்த எளிய இடம் என்பதே காரணம். ஆனால் அங்கே கொடுக்கும் தூண்டல் புர்கின்யே நார்களின் விரைவுப் பாதையைத் தவிர்த்துத் தசை வழியே மெதுவாகப் பரவுகிறது. வலது கீழறை முந்த, இடது பிந்துகிறது. நாள்பட நாள்பட சிலருக்கு இதுவே இதயச் செயலிழப்பை உண்டாக்கியது. ஆகவே கம்பியை இயற்கையான பாதையிலேயே பொருத்தும் முயற்சிகள் நடந்தன. 2000இல் பிரமோத் தேஷ்முக் குழு நோயாளிகளின் ஹிஸ் கற்றையிலேயே நிரந்தரமாகத் தூண்டல் கொடுத்துக் காட்டியது. கற்றை மெல்லியது; கம்பி சரியான புள்ளியில் அமைவது கடினம்; தூண்ட மின்சாரமும் அதிகம் தேவைப்படும். 2017இல் சீனாவின் வென்ஜோ நகரில் ஹுவாங் வெய்ஜியான் குழு கம்பியை வலப்பக்கத்திலிருந்து நடுச்சுவருக்குள் ஆழமாகத் திருகி, இடது கிளையை எட்டிய முறையை வெளியிட்டது. விசிறிபோல விரிந்த கிளை என்பதால் குறி தப்புவது குறைவு. கீழறை நுனிக்குப் பதிலாக இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவமனைகள் பெருகிவருகின்றன.